பூசணம் பூத்த லென்ஸுடன் பொகவந்தலாவைக்கு

உங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில், பழைய பட்டுப் புடவைக்கும் ஜாதகக் கட்டுக்கும் நடுவே, தோல் உறை போட்ட காமிரா ஒன்று தூங்கிக் கொண்டிருக்கிறதா? மாமனார் காலத்துச் சொத்தாக இருக்கும். ஒரு காலத்தில் கல்யாணத்துக்குக் கல்யாணம் யாராவது கழுத்தில் தொங்கியிருக்கும். அதை எடுத்து, லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய இழைகள் கிளை கிளையாக ஓடுகின்றனவா? சிலந்தியின் மேல் பழி போட வேண்டாம். ஈரக்கை பட்ட ஊறுகாய் ஜாடியில் பூக்கிறதே பூசணம், அதன் ஒன்றுவிட்ட சகோதரன்தான் இது. கண்ணாடியிலும் குடித்தனம் நடத்தும்!

அப்படிப்பட்ட லென்ஸ் ஒன்றை நான் பணம் கொடுத்தே வாங்கினேன். சென்னையில் ஒரு பழைய சாமான் கடை. ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலைதான் ஆயிற்று. ‘ஹீலியோஸ்’ என்று பெயர். சோவியத் நாட்டில், ‘ஜெனிட்’ காமிராவுக்காக, ஜெர்மானிய ‘பயோடார்’ லென்ஸை முன்மாதிரியாக வைத்துச் செய்தது. 58 மில்லிமீட்டர். முன்கண்ணாடியில் நகத்தால் கீறியது போல ஒரு கோடு. உள்ளே ஓரமாகப் பூசணம். நடுவில் ஒரு வளையத்தை மாட்டினால், இன்றைய டிஜிட்டல் காமிராவிலும் சமர்த்தாக உட்கார்ந்து கொள்கிறது. எங்கள் காரியாலயத்துப் புகைப்பட நிபுணர் அதை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். “இதை எடுத்துக் கொண்டா இலங்கைக்குப் போகப் போகிறீர்கள்?” என்று கேட்டு விட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

அவர் கவலை நியாயந்தான். ஆனால் லென்ஸில் உள்ள காயமெல்லாம் படத்தில் விழுந்து விடும் என்று நினைப்பது சரியல்ல. ஜன்னல் கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறது. நீங்கள் அதன் வழியாகத் தெருக் கோடியில் வருகிற தேரைப் பார்க்கிறீர்கள். தேரின் மேல் கோடா விழுகிறது? கண் தேரில் நிலைத்திருக்கும்போது கீறல் மறைந்தே போகிறது அல்லவா? லென்ஸும் அப்படித்தான். முன்கண்ணாடியில் உள்ள சின்னக் கீறலும் தூசியும் படத்தில் கோடாகவோ புள்ளியாகவோ வருவதில்லை. அவை செய்யும் விஷமம் வேறு. வருகிற வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திசை தவறிச் சிதற அடிக்கின்றன. சிதறிய வெளிச்சம் கறுப்பின் மேல் விழுந்து அதைச் சாம்பலாக்குகிறது. வெள்ளையைச் சுற்றி ஒரு புகைமூட்டம் போடுகிறது. சூரியன் எதிரே இருந்தால் கேட்கவே வேண்டாம்! பின்பக்கத்துக் கண்ணாடியில் காயம் பட்டிருந்தால் தொல்லை அதிகம். அது படம் விழும் இடத்துக்குச் சமீபத்தில் இருக்கிறது.

முன்கண்ணாடியில் சில்லுப் பெயர்ந்த பழைய லென்ஸுகளுக்குக் கெட்டிக்காரர்கள் ஒரு வைத்தியம் செய்வதுண்டு. பெயர்ந்த பள்ளத்தில் மட்டும் கறுப்பு மசியைத் தடவி விடுவார்கள். அந்த இடம் குருடாகிவிடும். ஆனால் வெளிச்சத்தைச் சிதற அடிக்காது. பழுதான கண்ணாடியை விட மூடிய கண்ணாடி மேல் என்பது கணக்கு.

இதையெல்லாம் சென்னையிலேயே சோதித்துப் பார்க்கலாமே, இலங்கை எதற்கு என்கிறீர்களா? சரியாக வராத லென்ஸையும், விரிசல் கண்ட கண்ணாடித் தகட்டையும் வைத்துக் கொண்டு உலகம் மெச்சும் படங்களை எடுத்த ஒரு பெண்மணி அங்கே உறங்குகிறார். இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, பொகவந்தலாவை என்ற ஊரில். பெயர் ஜூலியா மார்கரெட் காமரன். பெயர்ப் பொருத்தத்தைக் கவனித்தீர்களா? அது கணவர் வழி வந்த பெயர். காமிரா பிறகுதான் வந்தது.

காமரன் அம்மாள் நமக்கு முற்றும் அந்நியர் அல்ல. 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். கணவர் சார்லஸ் ஹே காமரன் சட்ட நிபுணர். மனைவியை விட 20 வயது மூத்தவர். இலங்கையில் காப்பித் தோட்டங்களை வாங்கிப் போட்டவர். பெற்ற பிள்ளைகள் ஆறு. எடுத்து வளர்த்தவை வேறு. குடும்பம் இங்கிலாந்துக்குப் போய், வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற கடலோரக் கிராமத்தில் குடியேறியது. வீட்டுக்கு வைத்த பெயர் கூட இலங்கைத் தோட்டத்தின் பெயர்தான்: ‘டிம்போலா’. பக்கத்தில் மகாகவி டெனிசனின் வீடு.

1863 டிசம்பரில், கணவர் இலங்கைக்குப் போயிருந்த சமயம், தாயார் தனியாக இருக்கிறாளே, பொழுது போகட்டும் என்று மகளும் மாப்பிள்ளையும் ஒரு காமிராவை வாங்கிப் பரிசளித்தார்கள். அப்போது அம்மாளுக்கு வயது 48! ‘இனிமேல் என்ன புதிதாகக் கற்றுக் கொள்வது’ என்று நாம் கையைத் துடைத்துக் கொள்கிற வயது. அவர் என்ன செய்தார் தெரியுமா? கரி போடும் அறையை இருட்டறையாக்கினார். கோழிக் கூண்டைக் காலி செய்து படம் எடுக்கும் கூடமாக்கினார். கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது. அவற்றை யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நாளில் படம் எடுப்பது சமையலை விடச் சிரமமான காரியம். கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். உட்கார்ந்திருப்பவர் நிமிஷக் கணக்கில் அசையக் கூடாது. முதல் படத்தின் ஈரத்தின் மேல் கையை வைத்து அழித்து விட்டாராம் அம்மாள். ஈரத் தகட்டைக் கையில் ஏந்திச் சாப்பாட்டுக் கூடத்துக்கே ஓடிக் கணவரிடம் காட்டுவாராம். மேஜை விரிப்பெல்லாம் வெள்ளி ரசாயனத்தின் கறை. எந்த வீட்டில் இதைப் பொறுப்பார்கள்? கிழவர் காமரன் பொறுத்தார், ரசிக்கவும் செய்தார்.

அவருடைய முதல் லென்ஸ் ‘ஜாமென்’ என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது. நடுவில் கூர்மை, ஓரம் போகப் போகக் குழைவு. போதாததற்கு, கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் இடம் ஒன்று, தகட்டில் கூர்மையாக விழும் இடம் இன்னொன்று. மற்றவர்கள் அந்தக் கணக்கைத் தெரிந்து கொண்டு லென்ஸைத் திருகித் திருத்துவார்கள். இவர் திருகிக் கொண்டே வந்து, அழகாக இருக்கிறது என்று கண்ணுக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்தி விட்டார். நிபுணர்கள் சும்மா இருப்பார்களா? தெளிவில்லை, தகட்டில் தூசி, விரல் அடையாளம், கோடு, விரிசல் என்று பத்திரிகையில் எழுதிக் கிழித்தார்கள். அம்மாள் விரிசல் கண்ட தகட்டிலிருந்தும் அச்சுப் போட்டு அனுப்பிக் கொண்டே இருந்தார். 1865-ல் எடுத்த டெனிசன் படத்தில் தலை கலைந்து, கோட்டு கசங்கி, முகத்தில் பாதி இருட்டு. அந்தப் படத்துக்கு ‘அழுக்குச் சாமியார்’ என்று டெனிசனே பெயர் வைத்தார். விஞ்ஞானி ஹெர்ஷலின் முகம், டார்வினின் தாடி, பிற்காலத்தில் வர்ஜினியா உல்ஃப் என்ற எழுத்தாளருக்குத் தாயாரான ஜூலியா ஜாக்சனின் அழகு எல்லாம் இன்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் இந்த அம்மாளின் படங்களால்தான்.

நான் ஒன்று சொல்வேன். எல்லாப் படத்துக்கும் அந்தக் குழைவு பொருந்தவில்லை. தேவதை வேஷம் போட்ட குழந்தைகளின் படங்கள் சிலவற்றைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது. ஆனால் ஹெர்ஷலின் கண்கள் இருட்டிலிருந்து எழுந்து வருகின்றனவே, அதை இன்றைய விலையுயர்ந்த லென்ஸை வைத்துக் கொண்டு யாரும் எடுத்து விட முடியாது.

1875-ல் குடும்பம் இலங்கைக்குக் கப்பலேறியது. காப்பிச் செடியில் நோய் விழுந்து, வருமானம் சரிந்து கொண்டிருந்த காலம். இங்கே சவப்பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டு வந்தார்களாம்! வெறும் பெட்டியாகவா? பீங்கான், கண்ணாடிச் சாமான்களை அடைத்து! வர்ஜினியா உல்ஃப் எழுதியிருக்கும் செய்தி இது. எந்தக் குடும்பப் பெண்ணும் இந்தச் சிக்கனத்தை மெச்சாமல் இருக்க முடியாது.

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு மலைப்பாதை. ஹட்டன் வந்ததுமே கடைப் பலகைகளில் தமிழ். வடை சுடும் வாசனை. டிக்கோயாவைத் தாண்டினால் காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணாடி போலக் கிடக்கிறது. நோர்வூட் வழியாகப் பஸ் வளைந்து வளைந்து ஏற, இருபுறமும் தேயிலை. மலையின் மேல் பச்சைக் கம்பளி நெய்து போர்த்தியது போல இடைவெளியே இல்லாத தேயிலை. அம்மாள் வந்தபோது இந்த மலைகளில் பெரும்பாலும் காப்பிதான். அது செத்த பிறகு தேயிலை பரவியது. காப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கப்பலிலும் வந்தவர்களின் சந்ததியார்தாம் இன்றும் இந்த மலைகளில் கொழுந்து பறிக்கிறார்கள்.

பொகவந்தலாவையில் செயின்ட் மேரி தேவாலயம் சிறியது, அமைதியானது. 1879 ஜனவரி 26-ந் தேதி டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கேர்ன் தோட்டத்தில் அம்மாள் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் போனார். இருவருக்கும் இங்கேதான் அடக்கம். ஹட்டனில் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். நாங்கள் நின்ற கால் மணி நேரத்தில் மூடுபனி மூன்று தரம் வந்து எல்லாவற்றையும் அழித்து விட்டு, மூன்று தரம் திருப்பிக் கொடுத்தது.

இலங்கையில் அம்மாள் எடுத்த படங்களில் இன்று மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. ஓவியம் வரைந்து கொண்டே உலகம் சுற்றிய மேரியன் நார்த் என்ற பெண்மணி 1877-ல் களுத்துறையில் அவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஓர் ஆளின் முதுகு வெகு லட்சணமாக இருக்கிறது என்பதற்காக, அவனைத் தம் மகனுக்குத் தோட்டக்காரனாக அமர்த்தச் செய்தாராம் காமரன் அம்மாள். அங்கே தோட்டமும் இல்லை. தோட்டக்காரன் என்றால் என்ன என்று அவனுக்கும் தெரியாது!

சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது சிரிப்பு நின்று விடுகிறது. இங்கிலாந்தில் எடுத்த படங்களில் மனிதர்களுக்குப் பெயர் உண்டு. வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரின் பெயர் கூட நிலைத்து விட்டது. இங்கே ‘இலங்கைப் பெண்’, ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பதோடு சரி. அவர்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகளும் உண்டு என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அந்த முகங்கள் காமிராவை நேராகப் பார்க்கின்றன. எடுத்த படத்தை அவர்கள் பார்த்தார்களா, பிடித்திருந்ததா என்று ஒரு வரி கூட நமக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை, அனுமதி பெற்றுக் கொண்டு ஒரு தோட்டத்துச் சரிவில் ஏறினோம். மலையில் பழைய லென்ஸுக்கு இரட்டைச் சோதனை. மூடுபனி ஏற்கெனவே கறுப்பையெல்லாம் கரைத்துச் சாம்பலாக்கி வைத்திருக்கிறது. லென்ஸின் பூசணம் தன் பங்குக்கும் கரைக்கிறது. வானத்தைச் சேர்த்து எடுத்த முதல் நாலைந்து படங்கள் நீர்மோர்! வானத்தை விட்டு விட்டுக் கீழ்நோக்கித் தேயிலைச் செடிகளின் கரும்பச்சையைப் பின்னணியாக வைத்த பிறகுதான் படத்துக்கு உயிர் வந்தது.

எட்டுப் பேர் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் பட்டைத் திருநீறு, மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி.

“அக்கா, உங்களை ஒரு படம் எடுத்துக் கொள்ளட்டுமா?” என்று கேட்டேன்.

“எடுங்க தங்கச்சி. கையை நிறுத்தச் சொல்லாதீங்க, கிலோ கொறைஞ்சிடும்” என்றார்.

சூரியன் அவருக்குப் பின்னால் பனியைக் கிழித்துக் கொண்டு வந்தது. லென்ஸின் துவாரத்தை முழுவதும் திறந்து வைத்து எடுத்தேன். அடடா! பின்னால் தேயிலை இலைகளின் மினுமினுப்பெல்லாம் சுழன்று சுழன்று ஒரு வட்டமாகி நிற்கிறது. இந்த லென்ஸுக்கு அது பிறவிக் குணம். கூந்தலைச் சுற்றி வெளிச்சம் ஒரு பிரபை கட்டியிருக்கிறது. அது பூசணத்தின் உபயம். காமரன் அம்மாள் பார்த்தால் தட்டிக் கொடுத்திருப்பார். பெருமையோடு காமிராவின் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் உற்றுப் பார்த்தார். முந்தானையால் திரையைத் துடைத்து விட்டு மறுபடியும் பார்த்தார்.

“என்னா தங்கச்சி, பனி மூடுன மாதிரி இருக்கு? மூக்குத்தி கூடத் தெரியலையே!”

“இதுதான் அழகு அக்கா” என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

“அழகு கெடக்கட்டும். மக போன்ல என் படம் நூறு இருக்கு. செவுத்துல மாட்ட ஒண்ணு இல்ல. வீட்டுக்காரர் படம் மாட்டியிருக்கோம். ஐடென்டிக்காக எடுத்த படம், அதைத்தான் பெரிசாக்கினோம். அவருக்குப் பக்கத்துல மாட்டணும். தெளிவா ஒண்ணு எடுங்க.”

மலைநாட்டில் அடையாள அட்டை என்பது லேசான வார்த்தை அல்ல. 1948-ல் வந்த சட்டத்தால் இந்த மக்களில் லட்சக்கணக்கானோர் எந்த நாட்டுப் பிரஜையும் அல்ல என்று ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களை இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்தோரின் விவகாரம் இழுத்து இழுத்து, 2003-ல் வந்த சட்டத்தில்தான் ஓய்ந்தது. அட்டைக்காக எடுத்த படம் சுவரில் தொங்குகிறது என்றால், அதில் முகம் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

கையில் இருப்பதோ இந்த ஒரே லென்ஸ். புது லென்ஸை வேண்டுமென்றேதான் சென்னையில் விட்டு வந்திருந்தேன். ஆனாலும் பழைய கண்ணாடியிடம் தெளிவை வாங்க வழி உண்டு. லென்ஸின் உள்ளே, கண்ணின் பாவை போலச் சுருங்கி விரியும் துவாரம் இருக்கிறது. முழுக்கத் திறந்தால் ஓரத்துக் கண்ணாடியும் வேலை செய்யும். ஓரத்துப் பூசணமும் வேலை செய்யும். சுருக்கினால் நடுக்கண்ணாடி மட்டுமே பார்க்கும். என் லென்ஸில் நோய் ஓரத்தில். ஆகையால் சுருக்குவதே மருந்து. நடுவில் நோய் பிடித்த லென்ஸாக இருந்தால் இதே வைத்தியம் விஷம். சுருக்கச் சுருக்க, பார்க்கிற சிறிய இடம் முழுவதும் பழுதாகவே இருக்கும். காமிராவை வாங்கும்போது காயம் எவ்வளவு என்று கேட்பதை விட, எங்கே என்று கேட்பது முக்கியம்.

அவரைச் சூரியனுக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொன்னேன். “இந்த ஒரு நிமிஷம் கையை நிறுத்திக்கிறேன்” என்றார், பெரிய மனசு பண்ணி. கூடையை இறக்கி வைத்தார். தலைத் துணியைச் சரி செய்தார். ஆசிரியர் நண்பர் தம் குடையைப் பிரித்து, வானத்து வெளிச்சம் லென்ஸில் விழாமல் மறைத்துப் பிடித்தார். துவாரத்தை எஃப் 8-க்குச் சுருக்கினேன். மூக்குத்தியின் கல்லைக் குறி வைத்துத் திருகி, கூர்மை வந்ததும் எடுத்தேன்.

வந்தது. மூக்குத்தி தெரிந்தது, திருநீற்றின் மூன்று கோடும் தனித்தனியாகத் தெரிந்தன. பூசணம் முழுவதும் போய்விடவில்லை. நிழல்கள் கரிக்கறுப்பாக இறங்காமல் கொஞ்சம் வெளிச்சம் ஏந்திக் கொண்டிருந்தன. அதனால், பாறை வெடிப்புப் போலக் காட்டியிருக்கக் கூடிய சுருக்கங்கள், வெயிலில் காய்ந்த பருத்திப் புடவையின் மடிப்புப் போல வந்திருந்தன. மற்ற ஏழு பேரும் கூடி வந்து பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மட்டும் அவசரப்படவில்லை.

“ம்... இது நாந்தான்” என்றார் கடைசியில்.

பிறகு ஒரு நிபந்தனை போட்டார். படத்தின் பின்னால் அவர் பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், வருஷம் எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். சொல்லச் சொல்ல எழுதிக் கொண்டேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஆசிரியரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அது அவர் வீட்டுப் படத்துக்கான பெயர். பத்திரிகையில் போடக் கேட்கவில்லை, ஆகவே போடவில்லை.

உங்கள் பீரோவில் உள்ள காமிராவுக்கு வருவோம். இருட்டும், காற்றோட்டமில்லாத மூலையும், ஈரமும்தான் பூசணத்துக்குப் பிறந்த வீடு. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக் கொள்ளும். ஆகையால் உறையை முதலில் கழற்றி விடுங்கள். மாத்திரைப் புட்டியில் சின்னப் பொட்டலமாக வருகிற ஈரம் உறிஞ்சும் மணி, அதில் நாலைந்து பெரிய பொட்டலமாக வாங்கி, இறுக மூடும் டப்பாவில் லென்ஸோடு போட்டு வையுங்கள். வாரம் ஒரு தடவை எடுத்து உபயோகியுங்கள். வெயிலில் காய வைக்கிறேன் என்று மொட்டை மாடியில் வைத்து விட்டு வந்து விடாதீர்கள். லென்ஸ் சூரியனைக் குவித்துப் பக்கத்தில் உள்ள வற்றலையும் பாயையும் கொளுத்தி விடும். பூசணம் வெகுநாள் இருந்தால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்து விடும். அதைத் துடைத்து மீட்க முடியாது. உள்ளே துடைக்க வேண்டுமானால் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஊசியும் திருப்புளியும் வைத்துக் கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

சென்னைக்குத் திரும்பியதும் இரண்டு படங்களையும் அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பினேன். மூக்குத்திப் படம் பெரிதாக, பின்னால் அவர் சொன்னபடியே எழுதி. பிரபை கட்டிய படம் தபால் கார்டு அளவில், என் ஆசைக்கு. மூன்று வாரம் கழித்து அவர் மகள் டெலிபோனில் பேசினாள். பெரிய படத்துக்குக் கண்ணாடி போட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்றாம்.

“சின்னப் படம் என்ன ஆயிற்று?” என்றேன்.

“அதைப் பாப்பா எடுத்துக்கிட்டா அக்கா. ‘அம்மாயி சாமி மாதிரி இருக்கு’ன்னு கணக்குப் புத்தகத்துக்குள்ள வச்சிருக்கா. தரமாட்டேங்கிறா.”